பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு: மொழியையும் பண்பாட்டையும் முறையாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சுப் பட்டப்படிப்பை நீண்டதொரு மொழிப்பயிற்சி வகுப்பு என்று நினைத்துச் சேர்கிறவர்கள் அதிகம். முதல் பருவத்தேர்வு முடிந்ததும்தான் விஷயம் புரியும். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத விடைத்தாளுக்கு 20க்கு 8 வந்திருக்கும்; ஓரத்தில் ‘பாராஃப்ராஸ்’ என்று ஒற்றைச் சொல் எழுதியிருக்கும். கவிதை சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள், ஆராயவில்லை என்று பொருள். மொழியைப் பெரும்பாலும் நீங்களாகவே வளர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் உரையை எப்படிப் படிப்பது, ஒரு வாதத்தை எப்படிக் கட்டுவது என்பதைத்தான் வகுப்பறை சொல்லித்தரும். இந்தப் பிரிவினை முதல் மாதமே பிடிபட்டுவிட்டால் பிறகு வருவது எல்லாம் சற்று எளிது.

சேரும் முன்: எந்தப் படிப்பு, எந்த நிலை

‘பிரெஞ்சு’ என்ற ஒரே பெயரில் நான்கைந்து வேறு வேறு படிப்புகள் இருக்கின்றன. சில முழுக்க இலக்கியம், சில மொழியியல், சில மொழிபெயர்ப்பு அல்லது வணிகத்தோடு இணைந்தவை. பிரான்சிலேயே படிப்பதானால் வேறுபாடு இன்னும் கூர்மையானது. ‘லெத்ர் மொதேர்ன்’ என்பது பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களை மனதில் வைத்து அமைந்த இலக்கியப் படிப்பு. அங்கே யாரும் உங்களுக்காக வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். பிரெஞ்சை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி ‘எஃப்.எல்.இ.’ எனப்படும், பெரும்பாலும் மொழி அறிவியல் துறைக்குள் வரும். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கும் பல்கலைக்கழகப் பட்டயம் ‘டி.யு.இ.எஃப்.’ எனப்படும். பெஸான்ஸோனில் 1958 முதல் இயங்கும் பயன்முறை மொழியியல் மையம், விஷியில் 1964 முதல் இயங்கும் காவிலாம் மொழி மையம் போன்றவை இந்த வகைப் பயிற்சிக்குப் பெயர்பெற்றவை.

பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்: அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்களா, பள்ளியில் படித்திருக்க வேண்டுமா? இலக்கிய வகுப்புகள் எந்த ஆண்டிலிருந்து பிரெஞ்சிலேயே நடக்கும்? பேச்சு வகுப்பில் எத்தனை பேர்? வெளிநாட்டில் ஒரு பருவம் கட்டாயமா, விருப்பமா? பேச்சு வகுப்பில் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் ஒருவருக்கு மணிக்கு நான்கு நிமிடம்கூடப் பேசக் கிடைக்காது. அந்தப் பயிற்சியை வெளியே தேட வேண்டியிருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைகளை ஐரோப்பியப் பொது அளவுகோலின்படி ஏ1 முதல் சி2 வரை ஆறாகப் பிரிப்பார்கள். நான்காம் நிலையான பி2க்கு வர வகுப்பும் வழிகாட்டலோடு கூடிய பயிற்சியும் சேர்த்து ஏறத்தாழ 600 மணி நேரம் ஆகும். வாரம் ஆறு மணி நேர வகுப்பு, ஆண்டுக்கு 30 வாரம் என்றால் 180 மணி. வகுப்பை மட்டும் நம்பினால் பி2 வரவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே 200 பக்க நாவலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த இடைவெளியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வகுப்பின் ஒவ்வொரு மணிக்கும் வெளியே குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் ஆறு மாதம்: காதும் வாயும்

உச்சரிப்பைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது பிறகு சரியாகாது. பிரெஞ்சில் உச்சரிப்புதான் இலக்கணத்தையும் தாங்குகிறது.

மூக்கொலி உயிர்களைப் பாருங்கள். நல்ல என்ற பொருள்தரும் சொல்லின் ஆண்பால் வடிவம் மூக்கொலி உயிரில் முடியும், ‘ன்’ கேட்காது. பெண்பாலில் ‘ன்’ தெளிவாகக் கேட்கும். ஆண்பால் சொல்லின் முடிவில் ‘ன்’ ஒட்டிவிட்டால் பால் மாறிவிடுகிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த ஒலி உண்மையில் புதிதல்ல. பேச்சில் ‘மரம்’ என்று சொல்லும்போது உதட்டை மூடி ‘ம்’ போடுவதில்லை. ‘ஒ’ போன்ற ஓர் உயிர் மூக்கு வழியாகக் கசிந்து நின்றுவிடும். ‘வந்தான்’ என்பதன் கடைசியிலும் அப்படியே. எழுத்தைப் பார்த்துப் படிக்காமல் அந்தப் பேச்சொலியை அப்படியே கொண்டுவாருங்கள்.

பிரெஞ்சு ‘த’, ‘ப’, ‘க’ ஆகியவையும் நமக்கு வசதிதான். மூச்சுக் காற்று வெடிக்காத, நாக்கு பல்லைத் தொடும் ‘த’ அது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் அதை ‘ட’ ஆக்கிவிடுகிறார்கள். தமிழில் இருப்பதை விட்டுவிட்டு எதற்கு அந்தச் சுற்றுவழி? கடினம் வேறு இடத்தில் இருக்கிறது: சொல்லின் தொடக்கத்தில் வல்லொலியையும் அதன் அதிர்வொலியையும் (‘பம்பரம்’ என்பதில் வரும் இரண்டு ‘ப’ போல) பிரிப்பது, ‘ஸ’வின் இரண்டு ஒலிகளைப் பிரிப்பது. மீனுக்கும் நஞ்சுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்கள் இந்த ஒரே ஒலியில்தான் வேறுபடுகின்றன. தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள்: நஞ்சில் அதிர வேண்டும், மீனில் அதிரக்கூடாது.

நீ என்பதற்கான ‘த்யூ’, எல்லாம் என்பதற்கான ‘தூ’ ஆகிய இரண்டையும் பிரிக்க ஒரு வழி: ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவியுங்கள். வருகிற ஒலிதான் ‘த்யூ’வின் உயிர். தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை, ஆகவே தமிழில் எழுதி வைத்துப் படிக்கும் பழக்கத்தை இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது ‘லியேஸோன்’, சொற்கள் ஒட்டிப் புணர்வது. ‘லே’ போன்ற பன்மைச் சுட்டுக்குப் பின் உயிர் வந்தால் கட்டாயம் ஒட்ட வேண்டும். ‘மற்றும்’ என்ற பொருள்தரும் ‘எ’க்குப் பின் ஒருபோதும் ஒட்டக்கூடாது. சில சொற்கள் ஒலிக்காத ‘ஹ’ எழுத்தில் தொடங்கினாலும் ஒட்டலைத் தடுக்கும். ‘லே ஏரோ’ என்றால் வீரர்கள். தவறாக ஒட்டி ‘லேஸேரோ’ என்றால் அவர்கள் பூஜ்யங்களாகிவிடுவார்கள்.

ஒலிக்காத இறுதி எழுத்துகளால் வரும் தொல்லைக்கு மருந்து ‘திக்தே’, அதாவது சொல்வதெழுதுதல். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் மூன்றுக்கும் ஒலி ஒன்றேதான்: ‘பார்ல்’. எழுத்தில் மூன்றும் வேறு. ஆர்.எஃப்.ஐ. வானொலியின் பத்து நிமிட எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கையை எழுத்து வடிவத்தோடு எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு நிமிடப் பகுதியை மட்டும் இப்படிச் செய்யுங்கள்:

1. எழுதாமல் ஒருமுறை முழுவதும் கேளுங்கள்.
2. ஐந்தாறு சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தி எழுதுங்கள். புரியாததை ஒலித்தபடி எழுதுங்கள், இடம் விடாதீர்கள்.
3. ஒலியை அணைத்துவிட்டு, எழுதியதில் இயைபை மட்டும் பாருங்கள்: வினை எழுவாயோடு பொருந்துகிறதா, அடைமொழி பெயரோடு பொருந்துகிறதா.
4. எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, பிழைகளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: காது தவறவிட்டது, விதி தெரிந்தும் தவறியது, சொல்லே தெரியாதது.
5. பிறகு அதே பகுதியை, பேசுபவரோடு அரை நொடி பின்தங்கி, சத்தமாகச் சொல்லுங்கள்.

மூன்றில் எந்தப் பத்தி நீளமாக வளர்கிறதோ அங்கேதான் அடுத்த மாத உழைப்பு போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் பயிற்சி செய்கிறவர்கள் முன்னேறாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இலக்கணத்தில் எதற்கு முன்னுரிமை

பெயர்ச்சொல்லின் பாலைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சுட்டு இல்லாமல் ஒரு சொல்லையும் அட்டையில் எழுதாதீர்கள். விகுதிகள் ஓரளவு கைகொடுக்கும். ‘ஸ்யோன்’ என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால்; ‘மான்’, ‘ஈஸ்ம்’ ஆண்பால்; ‘ஆஜ்’ என்று முடிபவையும் ஆண்பால்தான், ஆனால் படம், பக்கம், கடற்கரை, கூண்டு ஆகியவற்றுக்கான சொற்கள் இதே விகுதியோடு பெண்பாலாக நிற்கும்.

இறந்தகாலத்தில் ‘பாஸே கொம்போஸே’, ‘அம்பர்ஃபே’ இரண்டுக்கும் இடையே தேர்வு தமிழ் பேசுகிறவர்களைத் தொடர்ந்து வாட்டும். நமது ‘படித்தேன்’ இரண்டு இடத்திலும் நிற்கும். ஒரு சோதனை: அந்த வினைக்குப் பிறகு ‘அப்புறம்?’ என்று கேட்டால் கதை நகர்கிறதா? நகர்ந்தால் முதலாவது. கேள்வியே பொருந்தாமல், அது பின்னணியாக, வழக்கமாக, வருணனையாக இருந்தால் இரண்டாவது. ‘பாஸே ஸேம்ப்ல்’ என்ற மூன்றாவது இறந்தகால வடிவம் எழுத்து இலக்கியத்துக்கு உரியது. அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தால் போதும், நீங்கள் அதில் எழுத வேண்டிய அவசியம் அபூர்வம்.

‘ஸி’ என்னும் நிபந்தனைச் சொல்லுக்கு உடனே பின்னால் ‘கொந்திஸ்யொனெல்’ என்ற நிபந்தனை வினைவடிவம் வராது. இது தேர்வாளர் கண்ணில் முதலில் படும் பிழை. விருப்பம், அச்சம் போன்றவற்றுக்குப் பின் வரும் ‘ஸுப்ஜோன்க்தீஃப்’ வினைவடிவத்தைப் பற்றிய பயம் தேவையற்றது. வேண்டும், விரும்புகிறேன், பயப்படுகிறேன், ‘இருந்தபோதிலும்’ என்ற நான்கைந்து வாயில்களைக் கற்றால் பெரும்பகுதி முடிந்துவிடும். ‘நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன்’ என்னும் ‘எஸ்பேரே’க்குப் பின் மட்டும் சாதாரண வடிவமே வரும், ஆசையைக் குறிக்கிறதே என்று மாற்றிவிடாதீர்கள்.

வாசிப்பு

முதல் நாவலின் முதல் 20 பக்கத்தில் தெரியாத சொல்லை எல்லாம் பாருங்கள். ஆசிரியரின் சொற்கட்டு அங்கேயே பெரும்பாலும் வந்துவிடும். அதன்பின் மூன்றாவது முறையாக எதிர்ப்படும் சொல்லை மட்டும் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் இருமொழி அகராதியை மூடிவிட்டு ஒருமொழி அகராதிக்கு மாறுங்கள். பழைய இலக்கியத்துக்கு சி.என்.ஆர்.டி.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பேரகராதி நல்ல துணை. 17ஆம் நூற்றாண்டு நாடகத்தில் ஒரு சொல் இன்றைய பொருளில் வருவதாக எண்ணிக்கொண்டு மொத்தக் காட்சியையும் தவறாகப் படிப்பது வாடிக்கையான விபத்து. உதாரணமாக, நாடகாசிரியர் ராசீன் காலத்தில் ‘என்னுயி’ என்பது இன்றைய சலிப்பைவிட மிகக் கடுமையான மனவேதனை.

உரை ஆய்வு: படிப்பின் மையம்

‘எக்ஸ்ப்ளிகாஸ்யோன் த தெக்ஸ்த்’ என்ற இந்தப் பயிற்சியில் பத்து இருபது வரிகளை எடுத்து, அது எப்படி இயங்குகிறது என்று காட்ட வேண்டும். அடிப்படை விதி ஒன்றே: வடிவத்தைப் பற்றிய ஒவ்வொரு கவனிப்பும் பொருளைப் பற்றிய ஒரு முடிவில் போய் முடிய வேண்டும். ‘இங்கே உருவகம் உள்ளது’ என்பது அரை வாக்கியம். அது என்ன செய்கிறது என்பதுதான் மறுபாதி.

லா ஃபோந்தேன் 1668இல் வெளியிட்ட நீதிக்கதைத் தொகுப்பின் முதல் கதை, சில்வண்டும் எறும்பும். அதன் தொடக்கம்:

லா சிகால், எய்யான் ஷான்தே
தூ லேதே,
ஸ த்ரூவா ஃபோர் தேபூர்வ்யூ
கான் லா பீஸ ஃப்யூ வன்யூ.

கோடையெல்லாம் பாடிய சில்வண்டு, வாடைக்காற்று வந்தபோது கையில் ஒன்றும் இல்லாமல் நின்றது. இதை இப்படியே சொல்லி நிறுத்தினால் அதுதான் ‘பாராஃப்ராஸ்’. இப்போது அசைகளை எண்ணுங்கள். (நம் யாப்பில் நேர், நிரை என்று அளவும் பார்க்கிறோம்; பிரெஞ்சு மரபுக் கவிதையில் எண்ணிக்கை மட்டும்தான்.) முதல் வரி: லா, சி, கா, லெய், யான், ஷான், தே. ஏழு. சில்வண்டின் பெயர் ‘எ’ எழுத்தில் முடிகிறது, ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்குவதால் அந்த ‘எ’ விழுந்துவிடுகிறது. நான்காம் வரி: கான், லா, பீ, ஸ, ஃப்யூ, வ, ன்யூ. இங்கே காற்றின் பெயரிலும் அதே ‘எ’, ஆனால் அடுத்து மெய் வருவதால் ஒலித்து ஓர் அசையாகிறது. இதுவும் ஏழு. அன்றாடப் பேச்சுப்போல் அதை விழுங்கிப் படித்தால் வரி ஆறாகிவிடும். வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இது.

இரண்டாம் வரிக்கு வாருங்கள்: தூ, லே, தே. மூன்றே அசை. சுற்றிலும் ஏழு ஏழாகப் போகும் கவிதையில் முழுக் கோடைகாலமும் மூன்று அசையில் முடிந்துவிடுகிறது. பாடியதெல்லாம் அவ்வளவுதான், கண் திறப்பதற்குள் பருவம் போய்விட்டது என்பதை வரியின் நீளமே செய்து காட்டுகிறது. காலத்தையும் பாருங்கள்: பாடியது எச்சமாக, ஏற்கெனவே முடிந்ததாக வருகிறது. நாம் சில்வண்டைச் சந்திக்கும்போதே பாட்டு முடிந்துவிட்டது. முதல் முற்றுவினை வறுமையில்தான் வருகிறது. எண்ணிக்கை, வினைவடிவம், கதையின் தீர்ப்பு மூன்றும் இப்படி ஒரே திசையில் கூடும் இடத்தைக் கண்டுபிடிப்பதே ஆய்வு.

செய்யும் வரிசை: பகுதி நூலில் எங்கே வருகிறது என்று இரண்டு வாக்கியம், உரத்த வாசிப்பு, உரை எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது, ஏன் அங்கே, உங்கள் மையக் கேள்வி, வரிவரியாக ஆய்வு, முடிவு. ஆசிரியரின் வாழ்க்கைக் கதையில் தொடங்காதீர்கள். எழுத்துவடிவ ஆய்வான ‘கொமான்தேர்’ என்றால் வரிவரியாகப் போகாமல் இரண்டு அல்லது மூன்று கருத்துகளாகத் தொகுக்க வேண்டும். கவனிப்புகள் அதேதான், அடுக்குவது மட்டும் மாறும்.

திஸெர்தாஸ்யோன்

ஒரு கேள்வியை எடுத்துப் பகுதி பகுதியாக வாதிடும் கட்டுரைதான் இது. நான்கு மணி நேரத் தேர்வு என்றால், கேள்வியைப் பிரிக்க 20 நிமிடம், திட்டத்துக்கு ஒரு மணி, முன்னுரையின் வரைவுக்கு 20 நிமிடம், எழுத இரண்டு மணி, திருத்த 20 நிமிடம். திட்டத்துக்கு ஒரு மணி அதிகம் என்று தோன்றும். ஆனால் திட்டமில்லாமல் எழுதியவர் இரண்டாம் பகுதியில் முதல் பகுதியையே வேறு உடையில் கொண்டுவந்து நிறுத்துவதை ஒவ்வொரு தேர்விலும் காணலாம்.

‘பிரெஞ்சு மொழிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு தேவையா?’ என்று ஒரு தலைப்பு வைத்துக்கொள்வோம். முதல் பகுதி: இந்த மொழியின் வரலாறே அரசோடு பின்னியது. 1539இல் விலேர்-கொத்ரே அரசாணை சட்ட ஆவணங்களைப் பிரெஞ்சில் எழுதச் சொன்னது. 1635இல் மொழியைக் காக்கும் பிரெஞ்சு அகாதமி. 1992இல் ‘குடியரசின் மொழி பிரெஞ்சு’ என்று அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். 1994இல் பொதுவாழ்வில் பிரெஞ்சைக் கட்டாயமாக்கிய தூபோன் சட்டம். இரண்டாம் பகுதி: அந்தப் பாதுகாப்புக்கு விலை இருந்தது. பிரெத்தோன், ஒக்சிதான் போன்ற வட்டார மொழிகள் பள்ளிக்கு வெளியே தள்ளப்பட்டன. 2008இல்தான் வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் செல்வம் என்று அரசியல் சட்டம் ஏற்றது. மூன்றாம் பகுதி கேள்வியையே நகர்த்த வேண்டும்: யாருடைய பிரெஞ்சு? கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சைக் காக்கும் 1977இன் 101ஆம் சட்டம் சிறுபான்மை மொழி ஒன்றின் தற்காப்பு. அதே மொழி பாரிஸில் பெரும்பான்மையின் ஆயுதம். சட்டம் எந்த இடத்தில் நின்று பேசுகிறது என்பதே விடையை மாற்றுகிறது.

மூன்றாம் பகுதி ‘இரண்டிலும் உண்மை இருக்கிறது’ என்று முடிந்தால் அது தொகுப்பல்ல, தப்பித்தல். முன்னுரையில் வரிசை மாறக்கூடாது: தலைப்புக்கு இட்டுச்செல்லும் ‘அமோர்ஸ்’, தலைப்பை அப்படியே எடுத்துரைத்தல், சொற்களின் பொருள்வரையறை, மையக் கேள்வியான ‘ப்ரொப்ளெமாதீக்’, பின்பு பகுதிகளின் அறிவிப்பு. ‘காலங்காலமாக மனிதன்...’ என்று தொடங்கும் அமோர்ஸைப் படித்துச் சலிக்காத தேர்வாளர் இல்லை. ‘நான்’ என்று எழுதாமல் பொதுச்சொல்லான ‘ஓன்’, ‘நூ’ பயன்படுத்துங்கள். உட்தலைப்புகளை எண்ணிட்டு எழுதாதீர்கள். பகுதிகளுக்கு இடையே ஒரு வரி வெற்றிடம், பத்தித் தொடக்கத்தில் சிறு இடைவெளி போதும். மேற்கோளுக்குப் பிரெஞ்சுக் கோணக்குறி; அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறிக்கு முன்னும் ஓர் இடைவெளி. பிரெஞ்சுக்காரர் என்ற பெயருக்குப் பெரிய எழுத்து, பிரெஞ்சு மொழிக்கும் அடைமொழிக்கும் சிறிய எழுத்து. சில்லறை விஷயமாகத் தெரியும், ஆனால் முதல் பக்கத்திலேயே உங்களைப் பற்றிய எண்ணத்தை உருவாக்குவது இவைதான்.

மொழிபெயர்ப்பு வகுப்பு

பிரெஞ்சிலிருந்து மாற்றுவது ‘வெர்ஸ்யோன்’, பிரெஞ்சுக்கு மாற்றுவது ‘தேம்’. தேமில் அடிப்படை இலக்கணப் பிழைக்குத்தான் பெரிய தண்டனை. அலங்காரத்தை விடப் பிழையின்மை முக்கியம். வெர்ஸ்யோனில் ஒரு சொல்லையும் விட்டுவிடக்கூடாது. தெரியாத சொல்லை ஊகித்து எழுதுவது வெற்றிடத்தை விட எப்போதும் மலிவு. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் போலி ஒற்றுமைகளில் விழுவார்கள்: ‘லிப்ரேரி’ புத்தகக் கடை, ‘அக்துயெல்மான்’ இப்போது, ‘எவான்துயெல்மான்’ ஒருவேளை.

பண்பாடு என்ற பாடம்

‘சிவிலிஸாஸ்யோன்’ வகுப்பு உணவும் உடையும் பற்றியதல்ல. நிறுவனங்கள், சட்டங்கள், தீராத சண்டைகள் பற்றியது. 1789 (பிரெஞ்சுப் புரட்சி), 1848 (இரண்டாம் குடியரசு), 1905 (அரசையும் மதத்தையும் பிரித்த சட்டம்), 1940 முதல் 1944 (ஜெர்மன் ஆக்கிரமிப்பு), 1954 முதல் 1962 (அல்ஜீரியப் போர்), 1958 (ஐந்தாம் குடியரசு), 1968 (மே மாதக் கிளர்ச்சி) ஆகிய ஆண்டுகளை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது இன்றைய எந்த விவாதத்தில் உயிரோடு இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் தேர்வுக்கு உதவும்.

அரசின் மதச்சார்பின்மையான ‘லாயிசிதே’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் உறுதிசெய்கிறது. இரண்டாம் பிரிவு, குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது என்கிறது. அதாவது நடுநிலைக் கடமை அரசின்மேல், அதன் ஊழியர்மேல். 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்கள் மத அடையாளத்தை வெளிப்படையாக அணிவதைத் தடுத்தபோது அந்தக் கடமை ஒரு புதிய இடத்துக்கு நகர்ந்தது. விவாதம் முழுவதும் இந்த நகர்வைப் பற்றியதே. இந்த இரண்டு சட்டத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் ‘பிரான்ஸ் மதத்துக்கு எதிரானது’ என்றோ ‘எல்லா மதமும் சமம்’ என்றோ எழுதினால் இரண்டும் தவறு.

வாரம் ஒருமுறை, ஒரே செய்தியை வலதுசாய்வுள்ள ஃபிகாரோ, இடதுசாய்வுள்ள லிபெராஸ்யோன், கத்தோலிக்கப் பின்னணியுள்ள லா க்ருவா மூன்றிலும் படியுங்கள். தலைப்பின் வினை, யார் எழுவாய், எந்த எண்ணிக்கை முதலில் வருகிறது என்று மட்டும் ஒப்பிடுங்கள். அரைமணி வேலை; சொற்களும் சேரும், அரசியலும் புரியும்.

பிரெஞ்சு பிரான்சின் சொத்து மட்டுமல்ல என்பதைப் பாடத்திட்டங்கள் மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்கின்றன. 1930களில் பாரிஸில் சந்தித்த மார்த்தினிக்கின் எமே செஸேர், செனகலின் லெயோபோல் செதார் செங்கோர், பிரெஞ்சு கயானாவின் லெயோன் தாமா மூவரும் கறுப்பினப் பண்பாட்டின் பெருமையை முன்வைத்த ‘நெக்ரித்யூத்’ இயக்கத்தை உருவாக்கினார்கள். செங்கோர் பின்னர் செனகலின் முதல் குடியரசுத் தலைவர். 1983இல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்வானார். அல்ஜீரிய எழுத்தாளர் அஸ்ஸியா ஜெபார் 2005இல் தேர்வானார். அடக்கியவரின் மொழியில் எழுதுவது என்ற சிக்கலை அவரளவு நேரடியாகப் பேசியவர்கள் குறைவு. ஃபிராங்கோஃபோன் இலக்கியத்தில் விருப்பப்பாடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகலை ஆய்வுக்கு நல்ல தலைப்புகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கின்றன.

நீ, நீங்கள் வேறுபாடு நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் நடைமுறை வேறு. இங்கே ஒருவர் ‘நீ’ என்றும் மற்றவர் ‘நீங்கள்’ என்றும் பேசுவது இயல்பு. பிரெஞ்சில் வளர்ந்தவர்களுக்குள் பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். மாணவர்கள் தங்களுக்குள் ‘த்யூ’. பேராசிரியருக்கு ‘வூ’, அவரும் பெரும்பாலும் ‘வூ’தான். மின்னஞ்சலில் ‘பொன்ஜூர் மதாம்’ அல்லது ‘பொன்ஜூர் மெஸ்யூ’ என்று தொடங்குங்கள், குடும்பப் பெயரைச் சேர்க்காதீர்கள். ‘பியேன் கோர்தியால்மான்’ என்று முடியுங்கள்.

சான்றிதழ்கள்

பிரெஞ்சு அறிவைச் சான்றளிக்கும் தேர்வுகளில் டெல்ஃப் ஏ1 முதல் பி2 வரை, டால்ஃப் சி1, சி2. இரண்டும் வாழ்நாள் செல்லுபடியாகும், நிலையை அளக்கும் டி.சி.எஃப். தேர்வு இரண்டு ஆண்டுக்கு மட்டும். டெல்ஃப் பி2இல் நான்கு பகுதி, தலா 25. மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக்கூடாது. சி1இல் பலரை வீழ்த்துவது ‘ஸேந்தேஸ்’: இரண்டு மூன்று ஆவணங்களைச் சுமார் 220 சொல்லில் இணைத்து எழுதுவது. ஆவணம் ஒன்று, ஆவணம் இரண்டு என்று வரிசையாகச் சுருக்கக்கூடாது; சொந்தக் கருத்து வரக்கூடாது; மூலத்தின் தொடர்களை எடுத்து ஒட்டக்கூடாது. ஆவணங்களைக் குறுக்காகப் படித்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கேள்வியைக் கண்டுபிடித்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

பிரான்சில் ஒரு பருவம்

பல நாடுகளின் மாணவர்களுக்கு விண்ணப்பம் வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான காம்பஸ் பிரான்ஸின் இணையவழி நடைமுறை மூலம்தான். சேர்வதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். நீண்டகால மாணவர் விசாவை நாட்டுக்குள் நுழைந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்யாவிட்டால் சட்டபூர்வத் தங்கலே சிக்கலாகும். மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். ஒரு பருவத்துக்கு 30 ஐரோப்பியக் கடன்புள்ளி. ஊரிலுள்ள துறை எந்தெந்தப் பாடத்தை ஏற்கும் என்று புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மதிப்பெண் 20க்கு, 10 தேர்ச்சி, 12 ‘அஸே பியேன்’, 14 ‘பியேன்’, 16 முதல் ‘த்ரே பியேன்’. இலக்கியத்தில் 14 என்பதே நல்ல மதிப்பெண், அதிர்ச்சி வேண்டாம்.

பெரிய அரங்கில் நடக்கும் உரை ‘சே.எம்.’; சிறு குழுப் பயிற்சி ‘தே.தே.’ எனப்படும். முதலாவதில் பேராசிரியர் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார், பலகையில் ஒன்றும் எழுத மாட்டார். முதல் மாதம் பக்கத்து மாணவரின் குறிப்பை வாங்கி ஒப்பிடுவதில் வெட்கமே வேண்டாம். அங்குள்ளவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பணத்தோடு அனுபவமும் வேண்டுமென்றால், பள்ளிகளில் மொழி உதவியாளர் திட்டம் இருக்கிறது. வாரம் 12 மணி நேரம், பெரும்பாலும் ஏழு மாதம். உங்கள் நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இறுதி ஆண்டு ஆய்வேடு

‘செஸேர் கவிதைகள்’ என்பது தலைப்பாகாது. ஓர் ஆசிரியர், ஒன்றிரண்டு நூல், ஒரு கூறு, ஒரு கேள்வி என்று சுருக்குங்கள். பழைய பதிப்புகளுக்கு பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் கல்லிகா, கட்டுரைகளுக்கு பெர்ஸே, கேர்ன், ஹால் ஆகிய இணையத் தளங்களில் தேடுங்கள். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் பக்க எண்ணை அந்த நிமிடமே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொற்கள் எவை, அவர் சொற்கள் எவை என்று குறிப்பேட்டிலேயே கோணக்குறியால் பிரித்துவிடுங்கள். கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுகளில் கணிசமானவை கெட்ட நோக்கத்தில் வருவதில்லை. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த குறிப்பில் இந்தப் பிரிப்பு இல்லாததால் வருகின்றன. முதல் அத்தியாயத்தை எழுதி முடித்த உடனே வழிகாட்டியிடம் கொடுங்கள். முழு ஆய்வேட்டையும் முடித்துவிட்டுக் கொடுத்தால், கேள்வி தவறு என்று அவர் சொல்லும்போது மாற்றுவதற்கு நேரம் இருக்காது.